ஏரியல் பிடித்து நின்றது

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வாடகை வீட்டில் ரேடியோவைத் திருகினால் கன்னடம்தான் வரும். பெங்களூர் பக்கம். நாங்கள் கேட்கிற சின்னத் தமிழ் நிலையமோ மலைகளுக்கு அந்தப் பக்கம். எஃப்.எம். அலை நேராகப் போகிற ரகம், குறுக்கே மலை நின்றால் ஏறி இறங்கி வராது. அதோடு, ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால் கலந்தும் கேட்காது. வலுத்தது மெலிந்ததை அமுக்கிவிடும். கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருப்பவன், இதெல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவிக்கு இந்தக் கதையே வேண்டாம். ராயக்கோட்டைக்காரி, கன்னடமும் தெலுங்கும் சரளமாகப் பேசுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் பாட்டு கேட்டாக வேண்டும்.

ஒருநாள் சமையலறை ஜன்னலில் ரேடியோவை வைத்து ஏரியலைத் திருப்பும்போது பாட்டு தெளிவாக வந்தது. கையை எடுத்தேன், கன்னடம். மறுபடி பிடித்தேன், தமிழ். கம்பியோடு மனித உடம்பும் சேர்ந்தால் ஏரியல் கொஞ்சம் பெரிதாகிறது, அவ்வளவுதான் விஷயம். அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமை போச்சு.

“ஏங்க, வந்து புடிங்க. நீங்க புடிச்சாதான் வருது.”

“நான் என்ன கரண்டு கம்பமா?”

“கம்பம் இப்படி வாய் பேசாதுங்க.”

அவள் வெங்காயம் உரிப்பாள். நான் முனகிக்கொண்டே நிற்பேன்.

அந்த நிலையத்தின் நேயர் நிகழ்ச்சிக்கு ஒருநாள் போன் போட்டுப் பேசிவிட்டாள். நான் ஷிப்டில் இருந்தேன். பேசுவதைப் பதிவு செய்துகொண்டு பிறகுதான் ஒலிபரப்புவார்கள். என்ன பேசினாய் என்று கேட்டேன்.

“ரேடியோவுல வரும். புடிச்சிட்டு நின்னு கேட்டுக்கங்க.”

அது வருவதற்குள் அவள் போய்விட்டாள். குளிக்கப் போனவள் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன். காரியத்துக்கு வந்திருந்த அவளுடைய தம்பி பயந்துபோய், “மாமா, ஒரு தடவ அழுதுடுங்க” என்றான். “பாக்கலாம்” என்றேன், ஓவர்டைம் கேட்டவனுக்குப் பதில் சொல்வது மாதிரி.

ஒரு வாரம் கழித்து அவளுடைய போன் அடித்தது. நிலையத்திலிருந்து ஒரு பெண்.

“மேடம் பேசுனது இந்த ஞாயித்துக்கிழம காலைல வருது சார். சொல்லிடறீங்களா?”

“சொல்லிடறேன்” என்று வைத்துவிட்டேன். பொய் சொன்னோம் என்றுகூட உறைக்கவில்லை.

ஞாயிறு காலை ஜன்னலில் ரேடியோவை வைத்து ஏரியலைப் பிடித்தேன். நிகழ்ச்சி தொடங்கியபோதுதான் ஞாபகம் வந்தது, அவள் குரலைப் பதிவு செய்ய வேண்டிய என் போன் முன்னறையில் கிடந்தது. நகர்ந்தால் கன்னடம் வந்துவிடும், அந்த நேரத்தில் அவள் பேசிவிட்டால் அவ்வளவுதான். அப்படியே நின்றேன். யார் யாரோ பேசினார்கள். பிறகு அவள் வந்தாள்.

“பாட்டு யாருக்கும்மா?” என்று கேட்டார் அறிவிப்பாளர்.

“எங்க வீட்டுக்காரருக்குங்க.”

“அவரும் நம்ம நிகழ்ச்சி கேப்பாரா?”

“அவரு இல்லாட்டி நீங்க எங்க வர்றீங்க? எங்க வீட்ல ஏரியலப் புடிச்சிட்டு நிக்கறதே அவருதான். மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவாரு, ஆனா விட மாட்டாரு.” சிரித்தாள். “இதையும் புடிச்சிட்டுதான் கேட்டுட்டு இருப்பாரு. ஏங்க, பாட்டு ஆரம்பிச்சதும் கைய எடுத்துடுங்க. வலிக்கும்.”

பாட்டு ஆரம்பித்தது. நான் கையை எடுக்கவில்லை. பாட்டு முடிந்து, அடுத்தவர் பேசி, நிகழ்ச்சி முடிந்து, செய்தியும் வந்துவிட்டது. எடுத்தால் அவள் பேசிய இடத்தில் கன்னடம் வந்துவிடும் என்று இருந்தது. அழுதேன். முகத்தைத் துடைக்க ஒரு கைதான் மிச்சம் இருந்தது.