பெர்னிக் கோட்டையும் வைத்திலிங்கமும்

வைத்திலிங்கத்துக்கு வாய்தான் சோறு போட்டது. சோறு வடித்துப் போட்டவளை வீட்டைவிட்டு விரட்டியதும் அதே வாய்தான். ரங்கூன் ரயிலடிப் பக்கம் அமீர் அலியின் பயாஸ்கோப் கொட்டகையில், ஊமைப் படங்களுக்குத் திரையோரம் நின்று தமிழில் பேசுவது அவர் வேலை. நான் வாசலில் டிக்கெட் கிழித்தவன். துறைமுகக் கூலிகளும் ரயில்வே ஆட்களும் படத்துக்கு வந்தார்களா, இவர் பேச்சுக்கு வந்தார்களா என்று கேட்டால், பேச்சுக்குத்தான் என்பேன்.

கதை புரியாத இடத்தில் வீட்டுக் கதையை எடுத்துவிடுவார். வெள்ளைக்கார ராணி ராஜாவிடம் சண்டை போட்டால், காலையில் மனைவி அம்சா தன்னைத் திட்டியதை அவள் குரலிலேயே ராணி வாயில் வைப்பார். கொட்டகை உருண்டு சிரிக்கும். கடைத்தெருவில் அம்சாவைக் கண்டவர்கள் அதே குரலில் அவளிடமே பேசிக் காட்ட ஆரம்பித்தார்கள். அப்படிப் பேச வேண்டாமென்று அவள் புருஷனிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் கெம்மண்டைன் பேட்டையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வர வேண்டும். வைத்திலிங்கத்துக்கு அதைவிட்டால் வேறு நினைப்பே இல்லை. தினமும் விடிந்ததும் அந்த வீட்டுக்கு எதிரே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். மெதுவாகக் கேட்டாரா என்றால், இல்லை, கொட்டகைக் குரலில். தெருவே கூடும். பர்மாக்காரப் பெண்கள் மொழி புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஜன்னல் பலகை ஒரு விரற்கடை நகரும். மனம் இளகித் தன்னைப் பார்க்கிறாள் என்று மனிதர் பூரித்துப்போவார்.

அந்தச் சமயத்தில்தான் வாரம் ஒரு பாகமாக ஒரு படம் வந்தது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தி பல்கேரியரின் பெர்னிக் கோட்டையை எண்பத்தெட்டு நாள் முற்றுகையிட்ட கதை. கிரீடத்தோடு முதலில் வருபவனே கதாநாயகன் என்பது நம் கூத்துச் சட்டம். ஆகவே வைத்திலிங்கம் சக்கரவர்த்தியின் கட்சி. பதினோரு வாரமும், அடுத்த வாரம் கதவு திறக்கும் என்று ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்தார். யாருடைய கதவை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

கடைசிப் பாகம் ஞாயிற்றுக்கிழமைப் பகலாட்டத்தில். அதில்தான் முதல் முறையாகக் கோட்டைக்கு உள்ளே காட்டினார்கள். கிணறு வற்றியிருந்தது. பிள்ளைகள் வெளியே வரவில்லை. ஒரு பெண் கதவருகே வந்து, விரற்கடை இடுக்கில் கண்ணை வைத்து, எதிரியின் கூடாரம் போய்விட்டதா என்று பார்த்தாள். போகவில்லை. மெல்லச் சாத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

வைத்திலிங்கத்துக்குப் பேச்சு நின்றுவிட்டது. கெம்மண்டைனில் அந்த ஜன்னல் பலகை எதற்காக நகர்ந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திரையில் சக்கரவர்த்தி கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார். ஜனங்கள் கத்தினார்கள். அமீர் அலி ஓடி வந்து, கோட்டை விழுந்துவிட்டதாகவே சொல்லித் தொலைக்கும்படி காதோரம் கெஞ்சினார்.

"கதவு தொறக்கலைய்யா," என்றார் வைத்திலிங்கம். "உள்ள இருக்கவங்க பயந்துபோய் இருக்காங்க. ராசா போறாரு. போவட்டும்."

அன்று இரண்டு பெஞ்சு உடைந்தது. மறுநாள் காலை அவர் கெம்மண்டைனுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கொட்டகை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் அம்சாவின் அண்ணி நீலாம்பாள் வந்தாள். வைத்திலிங்கம் துள்ளி எழுந்து, அம்சா ஏதாவது சொல்லி அனுப்பினாளா என்று கேட்டார்.

நீலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் சொல்லலண்ணே. இன்னிக்குத்தான் குழாயடிக்கு வந்துச்சு. எல்லாரோடயும் பேசிச்சு, சிரிச்சுது. இனிமேலும் வந்துறாதீங்கண்ணே. அதக் கேட்டுக்கத்தான் வந்தேன்."

வைத்திலிங்கம் மறுபடி உட்கார்ந்தார்.

"சிரிச்சாளா?" என்றார்.

ஆமாம் என்றாள். எதற்காகச் சிரித்தாள் என்று அவர் கேட்கவில்லை.