ஹெல்கா அம்மாவின் செத்தவீட்டு உடுப்பு

கழுவக்கூடாத உடுப்பை நான் கழுவிவிட்டேன். அது தெரிந்தபோது காலை ஏழு மணி. அதே உடுப்போடு ஒன்பது மணிக்குப் படப்பிடிப்பு. மாலையில் நடிகை ஹெல்கா அம்மா கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டும். அடுத்த கிழமை ஜேர்மனியில் அவருடைய நாடகம் தொடங்குகிறது. இனித் திரும்பி வர மாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தையல்தான் தெரியும். உரும்பிராய்ப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஜேர்மன்காரர் படம் பிடிக்க வந்தபோது, உடுப்புத் தைக்கவும் ஸ்திரிக்கைப்பெட்டியால் மினுக்கவும் ஆள் தேவையென்று என்னைக் கூப்பிட்டார்கள். உடுப்புகளுக்குப் பொறுப்பு சுகந்தி. எங்கள் ஊர்த் தாய் தகப்பனுக்கு ஜேர்மனியில் பிறந்த பிள்ளை. ஹெல்கா அம்மா சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வதும் அவள்தான்.

ஹெல்கா அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. பத்தொன்பது வயதில் மேடைக்கு வந்தவராம். முதல் இரண்டு வருடமும் தட்டம் ஏந்திக்கொண்டு வந்து போவதுதான் வேலை, ஒரு வசனமும் இல்லை. பிறகு பெரிய வேடங்கள், அதற்குப் பிறகு சினிமா. உடுப்பு மாற்றும்போது இதையெல்லாம் சொல்லுவார். நான் தலையாட்டுவேன். கதைக்கக் கூச்சம்.

படத்தில் அவர், பழைய சிநேகிதரின் சாவுக்கு வருகிற தாதி. சாச்சடங்குக்கு மஞ்சள் போட்டுச் சுண்ணம் இடிக்கிற இடத்தில் கால் தடுக்கி விழுந்து எழும்பி, நீளமான வெள்ளைச் சட்டையில் மஞ்சளும் செம்மண்ணுமாகப் பாடைக்குப் பின்னால் வாசல் படலை வரை நடக்க வேண்டும். விழுவதை ஒரு நாள் எடுத்தார்கள். அடுத்த நாள் ஓய்வு. நடப்பதை எடுப்பது அதற்கும் அடுத்த நாள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உடுப்புகள் தொங்கிய அறையில் வீட்டுக்காரரின் சாமிப்படங்கள் இருந்தன. செத்தவீட்டுக்குப் போட்ட உடுப்பை நனைக்காமல் அங்கே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. கிணற்றடியில் ஊறப்போட்டேன். சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் சிவந்தது. விடாமல் கசக்கி, ஓய்வு நாள் முழுக்க வெயிலில் போட்டு, மினுக்கியும் வைத்தேன். நல்ல வேலை செய்ததாகவே நினைத்தேன்.

சுகந்தி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“அன்ரி! என்ன செய்து வைச்சிருக்கிறியள்? கொன்ரினியூட்டி எல்லாம் போச்சு! இண்டைக்கு அதே கறையோட எல்லோ நடக்கவேணும்!”

“செத்தவீட்டு உடுப்பு, பிள்ளை... துடக்கெல்லோ...”

“என்ன செத்தவீடு? பிணம் எழும்பியிருந்து தேத்தண்ணி குடிச்சதை நீங்களும் பாத்தனீங்கள்தானே!”

லைற் பிடிக்கிறவர் சிரித்துவிட்டார். நான் கூச்சத்தில் சுவரோரம் ஒதுங்கினேன்.

சுகந்தியின் போனில் சட்டையின் முன்பக்கப் படம் மட்டுமே இருந்தது. அன்றைக்கு எடுக்க வேண்டியது முதுகுப் பக்கம். டைரக்டர் வந்தார், பார்த்தார், கத்தவில்லை. விழுகிற காட்சியை மறுபடி எடுப்போம், புதுக் கறையோடு நடக்கட்டும் என்று சொன்னதாகச் சுகந்தி சொன்னாள். முதல்முறை விழுந்ததிலேயே ஹெல்கா அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. அவர் கதிரையில் இருந்து, முழங்காலில் சுற்றியிருந்த பண்டேச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“பிள்ளை, அவவை விழவேண்டாம் எண்டு சொல்லு. கறை இருந்த இடம் எனக்குத் தெரியும்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான்தானே தேய்ச்சனான். ஒவ்வொண்டா.”

டைரக்டர் அரை மணி நேரம் தந்தார். ஒரு சிரட்டையில் சுண்ணமும் இன்னொன்றில் குழைத்த செம்மண்ணும் எடுத்தேன். ஹெல்கா அம்மா சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். வலது இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவு மஞ்சள். விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண். இடப்பக்கம், மண் பட்ட கையை இடுப்பில் ஊன்றி எழும்பிய அடையாளம், மூன்று விரல்.

“அன்ரி, மூண்டோ? கை வைச்சா நாலு விரலெல்லோ படும்?”

“இல்லை, மூண்டுதான். சின்னவிரல் படேல்லை.”

சுகந்தி சந்தேகத்தோடுதான் அதை ஜேர்மன் மொழியில் சொன்னாள். ஹெல்கா அம்மா சிரித்துக்கொண்டு இடது கையை மடக்கிக் காட்டினார். சின்னவிரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இளவயதில் மேடைக் கதவு நசுக்கியதாம். நாடகத்தை முடித்துவிட்டுத்தான் வைத்தியரிடம் போனாராம்.

விழுந்த அன்று எடுத்ததை டைரக்டர் மொனிட்டரில் போட்டார். ஹெல்கா அம்மா எழும்பித் திரும்பும்போது முதுகு ஒரு கணம் தெரிந்தது. பார்த்துப் பூச அது போதாது, ஒத்துப் பார்க்கப் போதும். அதில் நிறுத்தி, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். விளிம்பில் மண் கொஞ்சம் கூடிவிட்டது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு தலையசைத்தார். ஒன்பது மணி தாண்டித்தான் தொடங்கியது. ஹெல்கா அம்மா ஒரே ஷொட்டில் படலை வரை நடந்து முடித்தார். நொண்டவில்லை.

உடுப்பு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். “இது முடிஞ்சுதோ?” என்று கேட்காமல் எந்த உடுப்பையும் தண்ணீரில் போடாதீர்கள். நாலு பக்கமும் படம் பிடித்து வையுங்கள். பிழை விட்டால் உடனே வாயைத் திறவுங்கள். நான் கூச்சப்பட்டு நின்றதால் எழுபது கடந்த ஒருவர் மறுபடி விழ ஆயத்தமானார். கூச்சம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் பிழையைச் சொல்லும்போது மட்டும் அதைக் கேட்டு நடப்பதில்லை.