கூடைக்கு இரண்டு போக

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் வசனக் கணக்குகளில் வருகிற எல்லோரும் தாராள மனம் கொண்டவர்கள். ஒருவனிடம் பதினைந்து மாம்பழங்கள் இருக்கும். ஒரு காரணமும் இல்லாமல் அதில் ஆறைத் தூக்கித் தோழனுக்குக் கொடுத்துவிடுவான். மீதி எத்தனை என்று கண்டுபிடிப்பது எங்கள் தலையில் விழும். நான் உடனே ஒன்பது என்பேன். அக்கா மட்டும் கையைத் தூக்கி, "எதுக்கு சார் குடுத்தான்?" என்று கேட்பாள்.

வகுப்பே சிரிக்கும். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கணக்கில் ஓர் ஆள் வந்துவிட்டால், அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குப் பென்சில் ஓடாது. மந்தையில் இருபது ஆடுகள், நான்கு காணாமல் போயின என்றால், தேடிப் பார்த்தார்களா என்று கேட்பாள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. நான் கதையைப் படிப்பதே கிடையாது. எண்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பேன். கடைசி வரியில் 'மொத்தம்' என்று இருந்தால் கூட்டுவேன், 'மீதி' என்று இருந்தால் கழிப்பேன். சார் என்னைக் கெட்டிக்காரி என்றார். அக்காவிடம், "ஒனக்கு கதை வேணும்னா கோயில்ல போயி கேளு" என்பார்.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் ஐந்தாம் வகுப்பில் இருவரும் ஒரே வாங்கில்தான் உட்கார்ந்திருந்தோம். தம்பி பிறந்தபோது அவனைப் பார்த்துக்கொள்வதற்காக அக்கா படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள். கைக்குழந்தைகளை விட்டுப் போகப் பிள்ளைக்காம்பரா ஒன்று தோட்டத்தில் இருந்தது உண்மைதான். அங்கே பார்த்துக்கொள்ள வேண்டிய ஆயாதான் பாதி நாள் இருக்கமாட்டாள். அப்பா தோட்ட வேலையை விட்டு மாணிக்கக் குழியில் இறங்கியிருந்தார். ஓப்பநாயக்கப் பக்கத்து ஆண்களுக்கு அப்போது அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. வாரத்தில் ஒரு நாள் சேற்றோடு வீட்டுக்கு வருவார். கல் ஒன்று கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார். அது அந்தக் கல்லின் காதில் விழவே இல்லை. வீடு அம்மாவின் கொழுந்துக் கூடையில்தான் ஓடியது.

அந்திக்குக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அக்கா மடுவத்துக்குப் போய்விடுவாள். மலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகைதான் மடுவம். பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள், நடுவில் தராசு தொங்கும். அம்மாவுக்கு இடுப்பு வலி. ஆகவே கூடையைத் தராசில் மாட்டுவதும், நிறுத்த பிறகு கொழுந்தைச் சாக்கில் கொட்டுவதும் அக்காவின் வேலை. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்வார்: "பதினொன்னு. கூடைக்கு ரெண்டு போக ஒம்பது."

நாளுக்கு மூன்று நிறுவை, மூன்று தடவையும் இப்படித்தான். மழை நாளென்றால் ஈரத்துக்கென்று இன்னும் ஒன்று போகும். எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வெறுங்கூடையைத் தராசில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் யாரும் செய்ததில்லை. மலைக்குப் போனால் அட்டை கடிக்கும், மடுவத்துக்குப் போனால் இரண்டு கிலோ போகும், அவ்வளவுதான். அக்காவுக்கு இந்தக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. முள் ஆடி நிற்பதற்குள் அம்மாவின் பேரில் என்ன விழும் என்று சொல்லிவிடுவாள். நான் மடுவத்துப் பக்கமே போனதில்லை. எனக்கு அட்டை என்றால் பயம்.

எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் தமிழில் படிப்பதென்றால் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போக வேண்டும். கீழே கிராமத்தில் சிங்களப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே போனால் அக்காவைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்து எழுத்திலிருந்து தொடங்குவார்கள். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காவிட்டால் அவளுடைய படிப்பு அத்தோடு சரி. எங்கள் ஒற்றையறை வீடுகளின் வரிசையான லயத்தில் அந்த வயதில் ஒரு பெண் சும்மா இருந்தால், கொழும்பில் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று யாராவது வந்து கதவருகில் நிற்பார்கள். அக்கா இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு வைத்த பரீட்சைக்கு முதல் நாள் எங்கள் இருவருடைய வெள்ளைச் சட்டையையும் அவளே துவைத்து, அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தாள். படிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசையில் கால்வாசிகூட எனக்கு இருந்ததில்லை.

அம்மா ஒரு நாள் பேரை, அந்த நாள் கூலியை, விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். யுத்த காலம். பஸ்ஸில் தமிழில் உரக்கப் பேசினால் முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சோதனைச் சாவடி வந்தால் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அம்மா சொல்லிவிட்டாள், பஸ்ஸுக்குள் வாயைத் திறந்தால் கிள்ளு விழும் என்று. நாங்கள் ஊமைகளாகப் போய் இறங்கினோம்.

பரீட்சை வைத்தவர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர். கரும்பலகையில் ஐந்து வசனக் கணக்குகள் எழுதினார். மூன்று கணக்குகளில் மாம்பழம், பென்சில், கோழிமுட்டை. நான்காவதை எழுதும்போது எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று நல்ல மனதோடு எழுதிய கணக்கு அது. ஒரு பெண் காலையில் 8 கிலோ, பகலில் 11 கிலோ, மாலையில் 9 கிலோ கொழுந்து பறித்தாள். அன்று அவள் பறித்தது மொத்தம் எத்தனை கிலோ?

நான் வழக்கம்போல 'மொத்தம்' என்பதைப் பார்த்தேன், கூட்டினேன், 28 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு கணக்கில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். அவள் 22 என்று எழுதினாள்.

மத்தியானமே டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார். "சின்னவ அஞ்சும் சரி. பெரியவ ஒண்டு பிழை. இருக்க வாங்கு இல்லையம்மா, அஞ்சும் சரியாச் செய்த பிள்ளையளைத்தான் எடுக்கிறம்."

எந்தக் கணக்கு என்று அம்மா கேட்டாள். அக்கா சொன்னாள். அம்மா விரலை மடக்கி மெதுவாகக் கணக்குப் பார்த்தாள். "ஆறு, ஒம்பது, ஏழு. இருபத்திரெண்டு. சரியாத்தானுங்களே போட்டிருக்கா."

"எட்டும் பதினொண்டும் ஒன்பதும் இருபத்தெட்டு அம்மா."

"கூடைக்கு போவணுங்களே டீச்சர்."

"கணக்கில கூடை எண்டு ஒண்டும் இல்லையே."

"கூடை இல்லாம எதுலங்க எடுப்பாங்க?"

டீச்சர் சிரித்தார். அதில் கேலி இல்லை. "கேட்டது மொத்தம் எவ்வளவு எண்டுதான். மற்றதைப் பிள்ளை யோசிக்கத் தேவையில்லை" என்றார். அம்மா கும்பிட்டாள். "ரெண்டும் ஒரே பஸ்ல வந்துரும்ங்க. அவ கீழ உக்காந்துகூட படிப்பாங்க" என்றாள். டீச்சருக்கும் அது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தோம். பாதி வழியில் அக்கா என் காதருகே குனிந்து, "அப்ப அந்த ஆறு கிலோ எங்க போச்சு?" என்று கேட்டாள். அம்மா அவள் கையில் கிள்ளினாள். கிள்ளிய இடத்திலிருந்து விரலை எடுக்காமல் நாங்கள் இறங்கும் இடம் வரும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அடுத்த வருடமும் கல் கிடைக்கவில்லை, அம்மாவின் இடுப்பும் நிமிரவில்லை. பதினான்கு வயது ஆனவுடன் அக்காவின் பெயரைத் தோட்டத்து வேலையாட்களின் செக்ரோலில் பதிந்தார்கள். அவள் பறித்த கொழுந்தில்தான் நான் பஸ்ஸில் போனேன், கொப்பியும் பென்சிலும் வாங்கினேன், பெரிய பரீட்சைகள் எழுதினேன். இன்று எனக்கு மேசையும் நாற்காலியும் மாதச் சம்பளமும் இருக்கின்றன. இதை நினைத்துப் பெருமைப்பட வேண்டும் என்று ஊரில் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. எங்கள் இருவரில் கணக்கைப் படித்தவள் அவள்தான். படிக்காமல் கூட்டிய நான் மேலே ஏறிவிட்டேன். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஆறுதல் கிடைப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் போகத் தொடங்கிய முதல் வாரத்தில் நடந்ததைத்தான்.

முதல் நாள் காலையில் அக்காதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். அன்று அந்திக்கு மடுவத்தில் அவள் செய்ததை, பல வருடங்களுக்குப் பிறகு லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்த அத்தை சொல்லித்தான் நான் அறிந்தேன். கணக்கப்பிள்ளை வழக்கம்போல இரண்டு போக என்றாராம். அக்கா கூடையை இறக்காமலே, "அந்த ரெண்டு எங்கங்கய்யா போவுது?" என்று கேட்டாளாம். "கழிக்கக் கூடாதுன்னு பட்டணத்து பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. கழிச்சதுனால எனக்கு எடம் இல்லேன்னுட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கூடைக்குத் திரும்பியிருக்கிறார். அக்கா கொழுந்தைச் சாக்கில் கொட்டிவிட்டு, வெறுங்கூடையைத் தானே தராசில் மாட்டிவிட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் பார்த்தார்கள். முள் ஒரு கிலோவைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கணக்கப்பிள்ளை கூடையைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார்.

மறுநாள் மழையே இல்லை. ஆனால் எல்லாக் கூடைக்கும் மூன்று போயிற்று.

அதற்கும் மறுநாள் அப்படியே. மூன்றாம் நாள் பெண்கள் எங்கள் காம்பரா வாசலில் வந்து நின்று கத்தினார்கள். "ஒம் மக கணக்கு கேட்டதுக்கு எங்க வயித்துலயா அடிக்கணும்?" என்றாள் ஒருத்தி.

இவை எதுவும் தெரியாமல் அன்று நான் பஸ்ஸிலிருந்து இறங்கி மேடு ஏறி வந்தேன். விளக்கு வைக்கிற நேரம். வாசலில் யாரும் இல்லை. உள்ளே அம்மா அக்காவை விறகுக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கிற அம்மாதான் அழுதுகொண்டிருந்தாள். அக்கா கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. "வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டியா? இருக்க மாட்டியா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு குச்சியை அடுப்பில் போட்டுவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பரீட்சையில் போட்ட அந்த 22க்குத்தான் இன்னும் அடி விழுகிறது என்று எனக்குத் தோன்றியது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கூட்டல் தெரியாததற்கு எத்தனை நாள்தான் அடி வாங்குவாள்? பையை வைத்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தேன். அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் எட்டு, பதினொன்று, ஒன்பது என்று எழுதினேன்.

"இங்க பாரு அக்கா. கதைய படிக்காத. கடைசி வரிய மட்டும் பாரு. மொத்தம்னு இருந்தா கூட்டிடு. கூடைய பத்தி, வேற எத பத்தியும் கேக்காத. கேட்டா தப்பாயிரும்."

அக்கா தரையைப் பார்த்தாள். கையில் தடித்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே, "இருபத்தெட்டு" என்றாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"இருபத்தெட்டு."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனி அவள் அடி வாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அட்டைப் பயத்தையும் மறந்து முதல் தடவையாக அக்காவோடு மடுவத்துக்குப் போனேன். அவள் கற்றுக்கொண்டதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. அம்மாவின் கூடையை அக்கா தராசில் மாட்டினாள். பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார்.

"பதினொன்னு. மூணு போக எட்டு" என்றார். அக்காவின் பக்கம் திரும்பி, "என்ன பாப்பா, சரிதானே?" என்று கேட்டார்.

"சரிங்கய்யா" என்றாள் அக்கா.

கூடையை இறக்கிக் கொழுந்தைச் சாக்கில் கொட்டினாள். அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தும் அதற்குள் மறந்துவிட்டாளே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.