கழற்றிய கம்பி

மருந்து அடிக்க வேண்டிய காட்டை எங்கள் பைலட் முதலில் காலால் நடந்து பார்த்துவிடுவார். அப்புறம்தான் ஹெலிகாப்டரில் ஏறுவார். பத்தடிக்கு ஒருமுறை நிற்பார், கழுத்தைச் சாய்த்துக் காதை வானத்துக்குக் கொடுப்பார். மின்கம்பி தேடுகிறார். "கம்பி கண்ணுக்குத் தெரியாது முதலாளி. கம்பத்தைப் பாக்கணும். கம்பமும் தெரியலைன்னா காத்தைக் கேக்கணும்" என்பார்.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். முதுகில் மருந்து டப்பா சுமந்து ஆரம்பித்து, இன்று மூன்று ஹெலிகாப்டர் வைத்திருக்கிறேன். எந்த ஆளையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவேன். என்னிடம் பதினோரு வருடமாக ஓட்டும் இவரை மட்டும் போட முடியவில்லை.

ஒல்லி உடம்பு, ஐம்பது வயது. வீட்டில் துணிக்கொடி கட்ட விடமாட்டார். "ஈரத்துணி எல்லாம் நாற்காலி மேலதான் காயுது. விருந்தாளி வந்தா உக்கார இடமில்லை" என்று அவர் மனைவி என்னிடமே நியாயம் கேட்டார்.

அந்த அம்மாவின் தம்பியும் என்னிடம்தான் ஓட்டினான். ஆறு வருடம் முன்பு, இரண்டு மலைக்கு நடுவே இருக்கும் பள்ளக்காட்டில், குறுக்கே போன கம்பியில் மாட்டி விழுந்தான். கீழே மருந்து கலக்கிக்கொண்டிருந்த இவர் கண் முன்னாலேயே. அப்புறம் நான்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அந்தக் கம்பியைக் கழற்ற வைத்தேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது.

ஆனால் இவர் இன்னமும் அந்த இடம் வந்ததும் ஹெலிகாப்டரை மேலே தூக்கி, தாண்டி, இறக்குவார். கீழே மருந்து படாமல் ஒரு நீளப் பட்டையாக மரங்கள் நிற்கும். புழு தின்று பழுப்பேறிய அந்தப் பட்டையிலிருந்துதான் காடு முழுக்கப் புழு பரவுகிறது.

கேலி செய்யலாம் என்று ஒருநாள் சரிவில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காக்கைக் கூட்டம் பள்ளத்தின் குறுக்கே தாழ்வாக வந்தது. சரியாக அந்த இடத்தில் மேலேறி, தாண்டி, மறுபடி தாழ்ந்து போனது. கேலியை நிறுத்திக்கொண்டேன்.

இந்த மாதம் காட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் அந்தப் பட்டை விட்டுப்போனா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

நான் இவர் பக்கம் திரும்பினேன். "இன்னைக்குத் தாழப் போகணும். முடியாதுன்னா சாவியை வெச்சுட்டுக் கிளம்பிடுப்பா."

"கம்பி போய் ஆறு வருஷம் ஆச்சுங்க. உங்க கண்ணுக்கு மட்டும் தெரியுதாக்கும்?" என்று காட்டுக்காரர் சிரித்தார்.

"மச்சினன் போயும் ஆறு வருஷம்தான். தினம் பக்கத்து சீட்டுல ஏறி பெல்ட்டு மாட்டிக்கறான்" என்றார் இவர், நேரம் சொல்வதுபோல. ஏறிக் கிளப்பினார்.

நல்ல வெயில். ஹெலிகாப்டர் மரத்தலைகளை உரசுகிற மாதிரி வந்தது. அந்த இடத்தில் ஏறவில்லை. ஒரு நொடி இரைச்சல் மட்டும் நின்றுபோனது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு சத்தம் வந்தது. பழுப்புப் பட்டையின் மேல் மருந்து வெள்ளையாக இறங்கியது.

"பாத்தியா? ஒண்ணுமில்லை!" என்று கைதட்டிக்கொண்டே, இறங்கி வந்தவரை நோக்கி நடந்தேன். மரமோ கம்பமோ இல்லாத வெட்டவெளி. பாதி வழியில் அவர் நின்றார். நன்றாகக் குனிந்து, இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்தார். திரும்பிக் கழுத்து உயரத்தில் எதையோ இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கினார். தூக்கிய கையை இறக்காமல், நான் கடந்து போவதற்காகக் காத்திருந்தார்.