திரியாத தண்ணீர்

எங்கள் இரண்டு ஏக்கர் கரிசலில் பருத்திக்குப் பதில் மக்காச்சோளம் போடலாம் என்றவள் என் மகள். விவசாய டிப்ளமோ முடித்தவள். அச்சகத்தில் லேபிள்களுக்குப் பிழை திருத்தும் எனக்கு மண்ணைப் பற்றி அதிகம் தெரியாது. விளைந்தால் நிலம் அவள் பொறுப்பு, பொய்த்தால் அவள் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டும். இப்படிப் பேசி முடித்தோம். நிபந்தனை என்னுடையதுதான். அவள் எப்படியும் ஜெயிப்பாள் என்ற தைரியத்தில் சொன்னது.

ஐப்பசி மழையில் விதைத்தோம். எங்கள் மண்ணில் துத்தநாகச் சத்து குறைவு என்று பரிசோதனைச் சீட்டில் இருந்ததால், ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவச் சொன்னாள். வெம்பக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கும் என் அண்ணனிடமே இரண்டு பை வாங்கினேன். பைமேல் லேபிள் சுத்தமாக அச்சாகியிருந்தது. தொழில் புத்தி, அதை ஒருமுறை வாசித்துத் திருப்தியும் பட்டேன். ஒரு பையில் கால்வாசி மீந்தது.

"இதை டிஏபி உரம் கரைச்ச தண்ணியோட மட்டும் கலந்துராதீகப்பா. கெட்டுப்போன பால் மாதிரித் திரிஞ்சு அடியில தங்கிரும், பயிருக்கு ஒண்ணும் சேராது" என்றாள்.

இருபதாம் நாள் குருத்து வெளுத்தது. நடு நரம்பின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை. மகள் ஓர் இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"துத்தநாகமே ஏறலப்பா. முழங்கால் உசரத்துல இருந்து பூ எடுக்கிற வரைக்கும் இது வாங்கி வாங்கித் திங்கும். அதுக்குள்ள குடுத்தாத்தான் உண்டு. எனக்கு அந்தப் பை மேல சந்தேகமா இருக்கு. வேற கடையில வாங்கித் தெளிப்போமா?"

"பெரியப்பா கடைச் சரக்கையே சந்தேகப்படுறியா?" என்று கத்திவிட்டேன்.

அண்ணனை அழைத்து வந்து காட்டினேன். வரப்பிலேயே நின்றபடி சிரித்தார்.

"ஏலே, விதையை எம்புட்டு நெருக்கி ஊன்றியிருக்கா பாரு. ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டா வெளுக்காம என்ன செய்யும்? புத்தகத்துல இடைவெளி போடலயோ?"

மகள் கையிலிருந்த கயிற்றைப் போட்டு அளந்து காட்டினாள். அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது.

பயிர் குட்டையாகவே நின்றது. தீபாவளிக்குப் பின் மூடியிருந்த கம்பெனிகள் திறந்ததும் வேன்காரருக்குப் போன் செய்தது நான்தான். மறுவாரம் அவள் தூக்குச்சட்டியுடன் ஏறினாள்.

மார்கழியில் பூக்கொண்டை எட்டிப் பார்த்தபோது டிஏபி தெளிக்கலாம் என்று முந்தின நாளே ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை வாளியில் இறுத்துக்கொண்டேன். மீந்திருந்த ஜிங்க் நினைவுக்கு வந்தது. அதைத் தனியாகக் கரைக்கக் கிணற்றுக்கு இன்னொரு நடை நடக்க அலுப்பு. மகள் சொன்னதை மறந்து, இரண்டு கை அள்ளி அதே வாளியில் போட்டுக் கலக்கினேன். கலக்கும்போதுதான் அவள் சொன்னது உறைத்தது. பதறிப்போய்ப் பார்த்தேன்.

தண்ணீர் திரியவில்லை. கரைந்து, வாளியின் அடி தெரியத் தெளிவாக நின்றது. கால்மணி நேரம் காத்திருந்தேன், திரிந்துவிடாதா என்று. திரிந்தால்தான் சரக்கு அசல். அண்ணனுக்காகத்தான் காத்திருந்தேன்.

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். டிஏபியில் கலந்தது என்று பாட்டிலைக் காட்டியதுமே அவர் கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தெரிஞ்சா குடுத்தீக அண்ணே?"

"ஊரே இதைத்தாம்லே போடுது. உனக்குன்னு தனியாவா காய்ச்சி எடுப்பேன்?"

"அவ விதைச்சது தப்புன்னீகளே."

"பெறகு, எஞ்சரக்கு தப்புன்னு நானே ஊருக்குள்ள சொல்லச் சொல்லுதியா?"

டீ வந்தது. குடிக்காமல் எழுந்தேன்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய மகளிடம் கலந்ததைச் சொல்லிப் பாட்டிலை நீட்டினேன். அவள் நகக்கண்ணில் அலுமினியப் பொடி மின்னியது. குலுக்கிப் பார்த்தாள்.

"மக்னீசியம் சல்பேட்டா இருக்கும். பார்க்க அச்சு அசலா அதே மாதிரிதான்." பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபடி, "டிஏபியோட கலக்காதீகன்னு சொன்னேன்ல?" என்றாள். சிரிப்பு வரவில்லை இருவருக்கும்.

"நாளையில இருந்து வேன்ல போகாதம்மா. நல்ல சரக்கு வாங்கித் தெளிப்போம்."

"பயிருக்கு வயசு போயிருச்சுப்பா. பங்குனி வரைக்கும் வர்றேன்னு கம்பெனியில சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் காலை வேனில் ஏறுமுன் தன் வயல் நோட்டை என் கையில் கொடுத்தாள். எந்த வரிசையில் எத்தனை செடி, எத்தனை அடி இடைவெளி, எந்த நாளில் எத்தனை இலை வெளுத்தது, எல்லாம் அதில் இருந்தது. ஒரு பக்கம்கூட நான் அதுவரை புரட்டியதில்லை.

"கதிர் பிடிக்கிறப்ப வரிசை வரிசையா எண்ணி எழுதி வைங்க. அடுத்த வருசத்துக்கு வேணும்."

எண்ணிக்கொண்டிருக்கிறேன். பாதி மணிகூடக் கட்டாத கதிர்கள். மேற்கே எங்கோ ஒரு வெடிச் சத்தம் கேட்கும். சோதனை வெடியாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, போனை எடுத்து அவளை அழைப்பேன். கம்பெனிக்குள் போன் அனுமதியில்லை, அணைத்து வாசலில் கொடுத்திருப்பாள். அதற்குள் எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும். வரிசையின் தலைப்புக்கு நடந்து, முதல் செடியிலிருந்து மறுபடி எண்ணுவேன்.