புழு இல்லாத மீன் வேண்டுமாம்

புரட்டாசி முடிந்து முதல் ஞாயிறு. பிள்ளையார்பாளையத்து மீன் கடையில் நிற்க இடமில்லை.

எனக்கு முன்னால் நின்றவர் பட்டுக்கடை வைத்திருப்பவர். மீன்காரக்கா அவர் வாங்கிய சங்கரா மீனை அறுத்ததும் குடலிலிருந்து ஒரு புழு வந்தது. அவர் உடனே போனை எடுத்து வீடியோ பிடித்தார்.

"என்னாமா, புழு நெளிஞ்சிக்கினு இருக்குது, இதப் போயி விக்கிற? குரூப்ல போடறேன் இரு."

"குடல்லதாண்ணா இருக்குது, எடுத்துப் போட்டுடறேன்" என்று அக்கா கெஞ்சினார்.

நான் மீன் ஒட்டுண்ணிகளை ஆராய்பவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"சார், கடல் மீன்ல இது சகஜம். நத்தை, இறால், சின்ன மீனு எல்லாம் நல்லா இருந்தாதான் இந்தப் புழு வளரும். தண்ணி கெட்டுப்போனா இதுங்கள்ல பலதும் இருக்காது."

"படிச்ச பொண்ணு பேசற பேச்சாமா இது?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

எதிர்க்கடை மீன் வரும் கழிமுகம் எனக்குத் தெரியும். ஆலைக்கழிவு விழும் இடம். மாதாமாதம் அங்கே பிடித்த மீன்களை அறுத்துப் பார்க்கிறோம். பெரும்பாலும் குடலில் ஒரு புழுகூட இருக்காது.

அந்த மீனில்தான் இரண்டு கிலோ வாங்கினார். "பாத்தியாமா, எவ்ளோ சுத்தமா இருக்குது" என்று என்னிடமே காட்டினார்.

கழிவை விடுகிறவனை வீடியோ எடுக்க இவர்களுக்குக் கை வராது. மீன் விற்கிற பெண் என்றால் உடனே வரும். இத்தனைக்கும் புழு நூற்ற நூலை விற்றுச் சாப்பிடுகிற மனிதர்.

புழுகூட வேண்டாமென்று காலி செய்துவிட்டுப் போன தண்ணீர் அது. அந்த மீன் இன்றைக்கு யார் யார் வீட்டில் குழம்பு?