வெயில் பார்க்காத நாற்பது தாள்கள்

விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது செய்தி வந்தது. பக்கத்து மேசைக்காரர் தன் கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். விசாலம் டீச்சர் காலையில் வலியசாலை வீட்டில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போது என் கையில் இருந்தது ஆய்வு முறையியல் தாள், அவர் இருபது வருஷத்துக்கு மேல் நடத்திய பாடம். என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் மூன்று தாள்களைத் திருத்தினேன். எதற்கு எத்தனை மார்க் போட்டேன் என்று நினைவில்லாததால் அந்த மூன்றையும் முதலிலிருந்து திருத்திவிட்டுத்தான் எழுந்தேன். அவர் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

நாங்கள் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்தவர்கள். வேலையில் அவர் எனக்கு ஒரு வருஷம் மூப்பு, அவ்வளவுதான். துறை மாணவர்கள் அவருக்காக மலையாளத்தில் கொண்டுவரும் நினைவு மலரில் தமிழிலும் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். சரி என்று சொன்ன நாளிலிருந்து இதை எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். துக்கம் மட்டும் காரணமில்லை. எழுத வந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

அவருடைய ஆய்வு முறையியல் பேப்பருக்கு மாணவர்கள் நீங்கள் எல்லாரும் பயந்தீர்கள். புள்ளியியல் வருகிறதே என்று பயந்தீர்கள், ஆனால் அவர் உங்களை அலைக்கழித்தது அதற்கு வெகு முன்னால், கேள்வியிலேயே. வித்துராவிலிருந்து வந்த ஒரு பெண் நவீன காலத்தில் குடும்ப உறவுகள் என்று பெரிதாக ஒரு தலைப்போடு வந்தாள். யாரைப் போய்ப் பார்ப்பாய், பேர் சொல் என்றார் டீச்சர். அவளுக்குப் பேர் வரவில்லை. நாலு வாரம் நாலு தலைப்பு திரும்பிப் போனது. ஐந்தாவது வாரம், எஸ்டேட் பெண்கள் வித்துரா சந்தையில் எந்தக் கடையில் மட்டும் கடன் சொல்கிறார்கள், ஏன் என்று எழுதி வந்தாள். "போய்ப் பாக்கறதுக்கு ஒரு ஆளும் ஒரு இடமும் இல்லேன்னா அது கேள்வியே இல்லையாக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்போது அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போது அந்தப் பேப்பர் என் தலையில் விழுந்திருக்கிறது, பாவம் நான்தான்.

இனி என் கதை. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தென்தமிழ்நாட்டிலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவர்கள் வாடகை அறைகளில் எப்படி இருக்கிறார்கள் என்பது தலைப்பு. நூற்றிருபது பேரிடம் படிவம் நிரப்ப வேண்டும். எண்பது முடிந்தபோது மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கல்லூரி முடிந்து பஸ் ஏறி, சேற்றில் இறங்கி, வேலை முடிந்து வந்தவர்களை நிறுத்திவைத்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமா என்றுதான் சொன்னார்கள். தண்ணீர் வருகிறதா, ஆமா. இடம் போதுமா, ஆமா. இதற்கு எதற்கு அலைய வேண்டும் என்று தோன்றியது. மீதி நாற்பதையும் நானே வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். ஒரே மாதிரி இருக்கக் கூடாதென்று பேனாவை மட்டும் மாற்றினேன்.

படிவக் கட்டைப் பார்த்துத் தரும்படி டீச்சரிடம் கொடுத்ததும் நான்தான். மறுநாள் அறையில் வேறு யாரும் இல்லாதபோது அதைத் திருப்பி வைத்தார். எண்பது ஒரு பக்கம், நாற்பது ஒரு பக்கம். ஒன்றுகூடத் தப்பாகப் பிரிக்கவில்லை.

"இது வெயில் பாக்காத பேப்பர். மடிப்பில்லை, ஒரு சாயாக்கறை இல்லை, நடுவில பதில் மாத்தி வெட்டினது ஒண்ணுகூட இல்லை. ஃபேனுக்கு அடியில இருந்து எழுதினதாக்கும், கேட்டேளா?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருவதாக மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் இதுவரை போன விதத்தைச் செய்து காட்டச் சொன்னார். ஷூ போட்டுக்கொண்டு, ஃபைலைத் திறந்து, மலையாளத்தில் ஆரம்பித்தேன். நாஞ்சில் நாட்டுக்காரன், வீட்டில் பேசுவது தமிழ், கேட்கப் போவது தமிழரிடம். ஆனால் கையில் ஃபைல் வந்தால் வாயில் மலையாளம் வந்துவிடும் எனக்கு. வாடகை அறை வாசலில் எதிரே இருந்தவர் நான் முன்பே கேட்டு எழுதிய தென்காசிப் பக்கத்துக் கொத்தனார். வழக்கம்போல ஆமா என்றார். டீச்சர் ஃபைலை வாங்கித் தன் பையில் போட்டுவிட்டு, அடுக்கியிருந்த செங்கல்லின் மேல் உட்கார்ந்து, தமிழில் ஊர் எது என்று கேட்டார். மழை பெய்ததா, நாற்று நட்டாயிற்றா என்று கால்மணி நேரம் போனது. அதன் பிறகுதான் அந்த மனிதர் என்னைக் காட்டி அவரிடம் கேட்டார்.

"சார் எந்த ஆபீஸ்ல இருந்து வாராவ? ரூம காலி பண்ணச் சொல்லத்தான் எழுதிட்டுப் போறாவன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

அந்த அறையில் பதினோரு பேர் முறைவைத்துத் தூங்கினார்கள். என் படிவத்தில் நாலு என்று இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர் சொன்னார், "பொய் உங்க நாப்பது மாத்திரம் இல்லை சார். அந்த எம்பதும் போச்சு." முழுவதையும் முதலிலிருந்து செய்தேன். பட்டம் ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது, பதவி உயர்வும் அதோடு போனது. நன்றியா காட்டினேன்? அந்த வருஷம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் தினமும் ஃப்ளாஸ்க்கிலிருந்து எனக்கும் ஒரு டம்ளர் காப்பி ஊற்றி என் மேசையில் வைத்தார், நான் அதை ஆறவிட்டேன்.

நாற்பதையும் கிழித்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். இரங்கல் கூட்டத்தில் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி எழுந்தாள். டீச்சர் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்து, இதில் எது பொய் என்று கண்டுபிடிக்கச் சொல்வாராம். என் பேரை வெட்டி எடுத்த படிவங்கள். "எழுதினது யாருன்னு கேட்டோம் சார். கள்ளம் காட்டினவன்னு நெனைக்காதீங்க, க்ஷீணிச்சுப் போன ஒரு ஆளாக்கும்னு டீச்சர் சொல்லிச்சு. க்ஷீணம் வந்தா அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லிடணும்னும் சொல்லிச்சு." கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்துப் பேச அழைத்தபோது அவருடைய எளிமையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு இறங்கிவிட்டேன்.

களைத்துப் போன ஆள். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. எதிர்மேசையில் இருந்துகொண்டு ஒருநாள்கூட அதை என்னிடம் சொல்லவில்லையே என்று இப்போது கோபம் வருகிறது. அந்த ஆறிப்போன காப்பி வேறென்ன சொன்னது என்று நினைத்தால் அந்தக் கோபம் தங்குவதில்லை.

அவருடைய மேசை இழுப்பறையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கட்டு ஒன்றுதான். பல கைகள் புரட்டிப் புரட்டி, என் நாற்பது தாள்களிலும் இப்போது மடிப்பு விழுந்துவிட்டது, சாயாக்கறையும் இருக்கிறது. இனி அவற்றை யாரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நான்தான் சொல்ல வேண்டும். அவை என்னுடையவை. இதைத் தமிழில் எழுதியதில் ஒரு கோழைத்தனமும் உண்டு, உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. கட்டைக் கொடுத்துவிட்டு மலையாளத்திலும் சொல்வேன்.